மேகம் நூறு சதவீதம்

நான் ஒரு விஞ்ஞானி. இதை நான் சொல்லவில்லை. குலசேகரம் சந்தை முக்கிலிருந்து திற்பரப்பு அருவிக்குத் திரும்பும் வளைவுவரை கட்டியிருந்த பிளக்ஸ் போர்டுகள் சொல்லின. எல்லாவற்றிலும் எங்கள் கல்லூரித் தாளாளர் சுயம்பு ஐயா வெள்ளை வேட்டி சட்டையில் கைகூப்பி நிற்பார். அவருடைய முழங்கைக்குக் கீழே ஒரு சிறு வட்டத்துக்குள் நான். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பேன். என்னிடம் வெள்ளைக் கோட்டே கிடையாது. பிளக்ஸ் அடித்தவன் யாரோ ஒரு டாக்டரின் உடம்பில் என் தலையை ஒட்டியிருந்தான், ஸ்டெதஸ்கோப்பை அழிக்க மறந்துவிட்டான். அருவிக்குக் குளிக்க வந்த ஒருவர் ரோட்டில் என்னை நிறுத்தி மூட்டுவலிக்கு மருந்து கேட்டார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

என் பெயர் செல்வதாஸ். சுயம்பு ஐயாவின் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் துறையில் உதவிப் பேராசிரியர். நான் சொல்வது 2014ஆம் வருஷத்துக் கதை. பிள்ளைகளைவிட பெஞ்சுகள் அதிகமாக இருந்த வருஷம் அது. ஜூன் கடைசியில் கல்லூரிக்குத் தரம் போடுவதற்கு வடக்கேயிருந்து ஒரு ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. தாளாளர் எங்களையெல்லாம் ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

“ஆராய்ச்சி பண்ணாத வாத்தியாரு எனக்கு வேண்டாம். ஆராய்ச்சின்னா என்னன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். குழுவுக்குக் காட்டணும். காட்டாதவன் ஜூலை ஒண்ணாந்தேதி வீட்டுல இருந்துக்கிடலாம்.”

அன்று சாயங்காலம் இதை என் மனைவி பிரிஜாவிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எனக்க அண்ணனுக்க கடையில பில் போட ஆளு வேணுமாம்” என்றாள். அவள் அண்ணன் சஜின் துபாயில் சூப்பர்மார்க்கெட் வைத்திருக்கிறான். என்னைவிட ஆறு வயது இளையவன். என்னை ‘அத்தான்’ என்று கூப்பிடும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவனிடம் போய் பில் போடுவதற்குப் பதிலாக எந்த ஆராய்ச்சியையும் செய்யத் தயாராகிவிட்டேன்.

வெளிநாடுகளில் ஒரு கேமரா இருக்கிறது. மல்லாக்கப் படுத்துக்கொண்டு முழு வானத்தையும் ஒரே வட்டப் படமாகப் பிடிக்கும். அந்தப் படத்தை வைத்து மேகம் எவ்வளவு, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கணக்குப் போடுவார்கள். விலையைக் கேட்டால் இங்கே ஒரு வீடு கட்டிவிடலாம். நம் ஊரிலோ மேகத்தை நம்பித்தான் எல்லாப் பிழைப்பும். விடியற்காலையில் ரப்பர் மரத்தைக் கீறிச் சிரட்டை வைத்துவிட்டு வந்தபிறகு மழை பெய்தால் பால் மொத்தமும் தண்ணீரோடு போய்விடும். அதனால் ஏழைக்கேற்ற ஒரு வானக் கேமரா செய்வது என்று முடிவுசெய்தேன்.

கேமரா எங்கள் கல்யாணத்துக்கு சஜின் தந்தது. முழு வானத்தையும் உள்ளே இழுக்கிற லென்ஸுக்கு வடசேரி இரும்புக்கடைக்குப் போய், வீட்டு வாசலில் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப்பார்க்கக் கதவில் மாட்டுவார்களே, அந்த டோர் லென்ஸ் ஒன்று கேட்டேன்.

“கதவு எத்தன இஞ்சு கனம்?” என்றார் கடைக்காரர்.

“கதவுக்கில்ல அண்ணே, வானத்துக்கு.”

அவர் பில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு முதலில் பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் லென்ஸைக் கையில் தந்தார். மேலே மூட, பேக்கரியில் கேக்குமேல் கவிழ்த்து மூடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடி. உடம்புக்கு பி.வி.சி. பைப். உள்ளே தபாலில் வரவழைத்த உள்ளங்கையளவு கம்ப்யூட்டர். அதற்கு நான் எழுதிக்கொடுத்த அறிவு மிகவும் கொஞ்சம்தான்: நீலமாக இருந்தால் வானம், நீலமில்லாததெல்லாம் மேகம்.

எங்கள் மொட்டைமாடியில் வைத்து முதல் படம் எடுத்தேன். கொடியில் காய்ந்த பிரிஜாவின் வெள்ளை நைட்டியை அது மேகம் என்று எண்ணிக்கொண்டது. நைட்டியை எடுத்துவிட்டு மறுபடி எடுத்தேன். மேற்கே கடல் பக்கமிருந்து ஒரு மேகம் ஏறி வருவதும், அது தலைக்குமேல் வந்து பரவுவதும் படத்துக்குப் படம் அப்படியே தெரிந்தன. முக்கால் மணிநேரத்தில் மழை என்று கணக்குப் போட்டுக்கொண்டு மாடியிலேயே நின்றேன். மழை வந்தது! சத்தியமாகச் சொல்கிறேன், நனைந்துகொண்டு குதித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு பொருள்கூட அதுவரை வேலை செய்ததில்லை.

“ஏங்க, பிராந்து புடிச்சாச்சா? கேறி வாருங்க உள்ள” என்று பிரிஜா கீழேயிருந்து கத்தினாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் பிரின்சிபால் டாக்டர் ததேயுஸிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எந்த வன்முறையிலும் இறங்காதவர்.

“எவ்வளவு ஆச்சு?” என்று கேட்டார்.

“ரொம்பக் கொறவு சார். அதுதான் இதுக்க விசேஷமே.”

“மெதுவா பேசும்” என்று கதவைச் சாத்தினார். “கொறஞ்ச செலவுல ஆராய்ச்சி பண்ணலாம்னு வெளிய தெரிஞ்சா மேனேஜ்மெண்டுக்கு எவ்வளவு அவமானம்?”

அந்த அவமானத்தைத் துடைக்கத் திறப்பு விழா வைப்பது என்று தீர்மானமாயிற்று. அதற்கு முன்னால் ஒரு மேகக் குழுவும் ஒரு மழைக் குழுவும் அமைக்கப்பட்டன. மேகம் மேலே நிற்கிறவரை எலக்ட்ரானிக்ஸ் துறைக்குச் சொந்தம், மழையாக விழ ஆரம்பித்ததும் சிவில் துறைக்குப் போய்விடும் என்று எல்லை பிரித்தார்கள். தூறலை இரண்டு துறையும் கேட்டன. அதற்காக நானும் எழுந்து நின்று மேசையைத் தட்டி வாதாடினேன். தூறலை எங்களுக்கு வாங்கித் தந்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றுவட்டார ரப்பர் தோட்டக்காரர்களுக்கும் பால் வெட்டுக்காரர்களுக்கும் தினமும் விடியும்போது செல்போனில் மெசேஜ் அனுப்பலாம் என்று வாயைக் கொடுத்தேன். தாளாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மெசேஜை அவரே சொல்லச் சொல்ல பிரின்சிபால் எழுதினார். ‘கல்வித் தந்தை, கொடை வள்ளல், குமரியின் விடிவெள்ளி சுயம்பு ஐயா அவர்களின் நல்லாசியுடன்’ என்று தொடங்கி அது போய்க்கொண்டே இருந்தது. செல்போன் அதை மூன்று துண்டாக உடைத்து அனுப்பியது. மூன்றாவது துண்டின் கடைசியில் மேகம் இருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தினநாள் கல்லூரி மொட்டைமாடிக்குப் போனேன். பந்தல்காரர் அல்போன்ஸ் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார். என் கேமரா நட்டநடுவில், அதற்குச் சரியாக மேலே பந்தல்.

“அண்ணே, கேமராவுக்கு வானம் தெரியணும்” என்றேன்.

“தெரியட்டும் சாரே. நானா வேண்டாம்னேன்?”

“பந்தலைப் போட்டு மூடினா எப்பிடி தெரியும்?”

அல்போன்ஸ் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். “பந்தல் இல்லாத திறப்பு விழாவா? செத்தவங்களுக்குக் கல்லறையில செபம் சொல்லுத மந்திரிப்புக்கே பந்தல் போடுதவன் நான். தாளாளரு வெயில்ல நிப்பாரா? நீங்க சொல்லுங்க, நான் அவுக்குதேன்.”

நான் சொல்லவில்லை.

“வெசனப்படாதீங்க” என்றார் அல்போன்ஸ். “வானம்தானே வேணும்? நீலத் துணியும் வெள்ளத் துணியும் மாத்தி மாத்திப் போட்டுத் தாறேன். ஒரிஜினல் வானம் தோத்துப்போவும்.”

சொன்னபடியே போட்டுத் தந்தார். மறுநாள் நாதஸ்வரம், குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் முடிந்து தாளாளர் பொத்தானை அமுக்கினார். பெரிய திரையில் வட்டமாகப் பந்தல் துணி தெரிந்தது. ஒரு பட்டை நீலம், ஒரு பட்டை வெள்ளை. கம்ப்யூட்டர் நேர்மையாகக் கணக்குப் போட்டு அறிவித்தது: மேகம் ஐம்பது சதவீதம்.

கூட்டம் கைதட்டியது. தாளாளர் மைக்கைப் பிடித்தார். “பாத்தியளா! பாதி மேகம், பாதி வானம். ஏற்றத்தாழ்வு இல்ல. இதுதான் நம்ம கல்லூரிக்க கொள்கை. மேல பாக்கணும், மேல பாக்கணும்னு நான் எப்பவும் சொல்லுவேன். இண்ணைக்கு மேல பாத்தாச்சு. இனி யாரும் மேல பாக்க வேண்டாம், இந்தக் கேமரா பாத்துக்கிடும்.”

நானும் கைதட்டினேன். முன்வரிசையில் இருந்ததால் மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டவேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. பந்தல் துணி வழியாக ஒழுகி கேக் மூடிமேல் தண்ணீர் சொட்டியது. தாளாளர் நேரில் வந்து பார்த்துப் பதறிப்போனார். திறந்து வைத்த கருவி நனைவதா? பந்தலை அவிழ்த்த கையோடு நல்ல கனமான சாம்பல் நிறத் தகரத்தில் நிரந்தரமாக ஒரு கூரை போடச் சொல்லிவிட்டார். தூணில் அவர் பெயரோடு பளிங்குக் கல் பதித்தார்கள். வானத்தைப் பார்ப்பதற்காகச் செய்த கேமரா, குமரி மாவட்டத்திலேயே பத்திரமான கூரைக்கடியில் உட்கார்ந்துகொண்டது.

பிரின்சிபாலிடம் ஓடினேன்.

“சார், அது தகரத்தைத்தான் பாக்குது. நீலமே இல்ல. தெனமும் மேகம் நூறு சதவீதம்னுதான் சொல்லும்.”

“மழைக்காலம்தானே. சரியாத்தானே இருக்கும்?”

“வெயில் அடிச்சாலும் அதான் சொல்லும் சார்.”

“கூரையை எடுத்து, கேமரா நனைஞ்சு கெட்டுப்போனா யாரு பொறுப்பு? நீரா?” என்றார். “குழு வந்து போகட்டும். மெசேஜ் ஒருநாள்கூட நிக்கப்படாது. பயனாளிகள் எண்ணிக்கைக்குத் தனி மார்க் உண்டு. மெசேஜுல கைவைக்கணும்னா மேகக் குழு கூடணும், மேகக் குழு கூடணும்னா மழைக் குழு ஒத்துக்கணும்.”

ஜூலை ஒண்ணாந்தேதியையும் சஜினின் சிரிப்பையும் நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முதல் இரண்டு வாரம் என் அதிர்ஷ்டம், நிஜமாகவே தினமும் மழை கொட்டியது. மெசேஜ் நூறு என்றது, வானமும் ஆமாம் என்றது. ஊரில் என் மதிப்பு ஏறிவிட்டது. கல்லூரிக்குப் பின்னால் சின்னதாக ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் முத்துக்கனி அக்கா ஒரு குலை மட்டி வாழைப்பழத்தைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்கே வந்தார். புருஷன் இறந்தபிறகு அந்தத் தோட்டம் ஒன்றுதான் அவருக்கு. “சாரே, ஒங்க மெசேஜப் பாத்து வெட்ட நிறுத்தினேன். இல்லேன்னா அம்புட்டு பாலும் போயிருக்கும்” என்று கண்கலங்கினார். நான் தகரக் கூரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பழம் நன்றாக இருந்தது.

பிறகு மழை விட்டது. விட்டது என்றால் அடியோடு விட்டது. ஊர்க்காரர்களே கோடை திரும்பிவிட்டதா என்று கேட்கிற அளவுக்கு வெயில். பால் நன்றாக இறங்குகிற ஈரம் மண்ணில் இருக்கிறது, மேலே வெயிலும் இருக்கிறது. ரப்பருக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் ஒவ்வொரு விடியற்காலையிலும் கல்வித் தந்தையின் நல்லாசியுடன் மேகம் நூறு சதவீதமாகவே இருந்தது. பால் வெட்டுக்காரர்களுக்கு வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. இப்போது காலேஜே லீவு விடுகிறது. போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

முத்துக்கனி அக்கா போன் செய்தார்.

“சாரே, மழ எங்க?”

“அக்கா, அந்த மெசேஜ நம்பாதீங்க. நீங்க வெட்டச் சொல்லுங்க.”

“நான் நம்பல சாரே. வெட்டுக்காரன் நம்புதானே! நான் போய் வாசல்ல நிண்ணு கூப்பிட்டா, செல்ல எனக்க மூஞ்சிக்கு நேரா நீட்டுதான். ‘படிச்ச சாரு மழைன்னு சொல்லியாச்சு, நீங்க என்ன படிச்சிய?’ன்னு கேக்கான். எனக்குக் கத்தி புடிக்கத் தெரியாது. ரெண்டு வாரமாச்சு ஒரு ரப்பர் ஷீட்டு அடிச்சு. அந்த செல்லுல நீங்க மாத்திச் சொன்னாத்தான் அவன் எழும்புவான்.”

“குழு வந்துட்டுப் போகட்டும் அக்கா” என்றேன். என் குரல் எனக்கே பிரின்சிபாலின் குரல் மாதிரி கேட்டது.

பிரிஜா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “அந்தம்மா தந்த பழத்த தோலக்கூட மிச்சம் வைக்காம தின்னிய” என்றாள்.

“வேல போயிரும்டி.”

“தெரியும். அதான் நானும் ஒண்ணும் சொல்லாம நிக்கேன்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

ஆய்வுக்குழு வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. தலைவர் வடநாட்டுப் பேராசிரியர், தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. கூட வந்த இரண்டு உறுப்பினர்களுக்கும் அப்படித்தான். ஆடிட்டோரியத்தில் மாலை மரியாதை நடந்துகொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. முத்துக்கனி அக்காவின் தலைமையில் பத்துப் பதினைந்து தோட்டக்காரர்கள். “அந்தக் கேமராக்காரன் எங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். தாளாளர் அப்படியல்ல. ஆயிரம் கூட்டம் பார்த்தவர். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு எதிரே போனார்.

“வாங்க, வாங்க! பயனாளிகள் வந்தாச்சு! எல்லாரையும் மேடையில இருத்துங்க. ஏலே, பொன்னாட எடுத்துட்டு வா!”

அவர்கள் வாயைத் திறப்பதற்குள் ஆளுக்கொரு பொன்னாடை விழுந்தது. கைக்கு ஒரு குளிர்பானம். முத்துக்கனி அக்காவை மைக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். பிரின்சிபால் மொழிபெயர்ப்பதற்கு இன்னொரு மைக்கோடு தயாராக நின்றார்.

“சாரன்மாரே” என்று தொடங்கினார் அக்கா. “ரெண்டு வாரமாட்டு மழை மழைன்னு செல்லுல மணி அடிக்கு. வெளிய பாத்தா பொரியுத வெயிலு.”

பிரின்சிபால் ஆங்கிலத்தில் சொன்னார்: “இரண்டு வாரமாக ஒருநாளும் தவறாமல் சேவை கிடைத்து வருகிறது என்கிறார்.”

“வெட்டுக்காரப் பயலுவ ஒருத்தனும் வேலைக்கு வரமாட்டேங்கான். நல்லா தின்னுட்டுக் கெடந்து ஒறங்குதானுவ.”

“தொழிலாளர்களுக்குப் போதிய ஓய்வும் ஊட்டமும் கிடைத்திருக்கின்றன.”

“எனக்க பாலு முழுக்க மரத்துக்குள்ளயே கெடக்கு. நான் என்னத்தத் தின்ன?”

“இயற்கை வளம் பாதுகாக்கப்படுகிறது. உணவு குறித்த விழிப்புணர்வும் ஏற்பட்டிருக்கிறது.”

“இதக் கண்டுபிடிச்சவன் எனக்க கையில கெடச்சா, தொலிய உரிச்சுப் போடுவேன்!”

“கண்டுபிடித்தவரை நேரில் சந்திக்க மிகவும் ஆவலாக இருக்கிறார்” என்று முடித்தார் பிரின்சிபால். குழு கைதட்டியது.

தலைவர் என்னைக் கூப்பிட்டார். தூணை விட்டு வந்து நின்றேன். அவர் மேகக் கணக்கைப் புரட்டிப் பார்த்தபடி ஆங்கிலத்தில் கேட்டார்: “ஒரு மாதமாகத் தினமும் நூறு சதவீதமா? எப்படி?”

மேடையில் தாளாளர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். முத்துக்கனி அக்கா பொன்னாடையைத் தோளிலிருந்து உருவி, என்ன செய்வதென்று தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார். ரெண்டு வாரம் கூலிக்காரனின் வாசலில் போய் நின்ற மனுஷி. துபாயாவது மண்ணாவது, வருவது வரட்டும் என்று ஆங்கிலத்திலேயே வாயைத் திறந்துவிட்டேன்.

“ஐயா, அந்தக் கேமராவுக்கு மேலே தகரக் கூரை போட்டிருக்கிறது. அது வானத்தைப் பார்க்கவே இல்லை. கூரையைத்தான் பார்க்கிறது. ஒருநாள்கூட அந்த மெசேஜில் உண்மை கிடையாது.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“கூரை கல்லூரி நிதியிலா?”

“ஆமாம் ஐயா.”

அவர் பக்கத்திலிருந்த உறுப்பினரிடம் திரும்பினார். “எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனம் தன் ஆராய்ச்சிக் கருவிகளுக்குக் கூரை போட்டுப் பாதுகாக்கிறது. மற்ற கல்லூரிகளில் கருவிகளெல்லாம் வெயிலில் கிடக்கின்றன.”

எழுதிக்கொண்டே அந்த உறுப்பினர் சொன்னார்: “ஒரு மாதம் ஒரே அளவு வந்திருக்கிறது. கருவி நிலையானது.”

மற்ற உறுப்பினர் என்னைச் சுட்டிக்காட்டினார். “குறையை ஆசிரியரே எழுந்து சொல்கிறார். வெளிப்படைத்தன்மை. அதற்குத் தனியாக மார்க் போடலாம்.”

தாளாளர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கும் ஒரு பொன்னாடை விழுந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று ஒரு மாதம் பயந்து செத்த மடையன் நான். உண்மையை அவர்கள் காதில் வாங்கவே இல்லை.

கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. என்னை வான் நோக்கு மையத்தின் தலைவராக்கினார்கள். மெசேஜை என் விருப்பப்படி அனுப்பும் அதிகாரமும் கைக்கு வந்தது. உடனே தாளாளரின் அறைக்குப் போனேன்.

“ஐயா, இனி கூரைய எடுத்துடலாமா?”

“ஒமக்கு புத்தியும் வெளிவும் கெட்டுப்போச்சா? குழு பாராட்டி எழுதினது அந்தக் கூரையத்தான். அடுத்த தடவ வந்து கூரை எங்கன்னு கேட்டா, நீரு கேறி மேல நிப்பீரா?” என்றார். அப்புறம் யோசித்துவிட்டு, “இன்னொரு அடுக்கு வேணும்னா போட்டுத் தாறேன்” என்றார்.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் முத்துக்கனி அக்கா நின்றிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தொலியை உரிக்கவும் தயாராக நின்றேன்.

“மேடையில என்னமோ இங்கிலீஷ்ல சொன்னியளே. எனக்க தோட்டத்துலருந்து பாத்தாலே தெரியுதே, அந்தத் தகரத்தப் பத்தியா?”

“ஆமாக்கா.”

“செரி. நாளைக்கு மழ உண்டா சாரே?”

அண்ணாந்து பார்த்தேன். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு மேகம் நின்றது, மற்ற இடமெல்லாம் நீலம். அந்த மேகம் வருமா போகுமா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“தெரியாதுக்கா.”

“அப்ப அத அனுப்புங்க.”

“எத?”

“தெரியாதுன்னு அனுப்புங்க. மழைன்னு சொன்னாத்தான் அவன் போத்திட்டுப் படுக்கான். தெரியாதுன்னா எழும்பி வந்துதானே ஆவணும்?”

மறுநாள் விடியும்போது செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டங்களையும் ஆசியையும் அழித்துவிட்டு, ‘இன்று மழை வருமா என்று எங்களுக்குத் தெரியாது - செல்வதாஸ்’ என்று எழுதினேன். பிரிஜா தோளுக்குமேல் எட்டிப் படித்தாள்.

“இதுக்கு வேல போவுமா?”

“இதுக்குப் போகும்.”

“செரி, அமுக்குங்க” என்றாள்.

அன்றைக்கு எல்லாத் தோட்டத்திலும் வெட்டு நடந்தது. ஏழரை மணிக்கெல்லாம் பிரின்சிபாலின் போன் வந்துவிட்டது. அவ்வளவு கோபத்தில் அவரை நான் கேட்டதேயில்லை.

“கூரைக்குள்ள கேமரா வச்சீரு, பொறுத்தோம். குழுவுக்கு முன்னால ஒளறினீரு, அதையும் பொறுத்தோம். தெரியாதுன்னு எழுத என்ன தைரியம் வேணும் ஒமக்கு? ஒரு கல்வி நிறுவனம் தெரியாதுன்னு சொல்லலாமா? நாளைக்குப் பிள்ளையளும் பரீட்சையில தெரியாதுன்னு எழுதுவானுவளே! வேலைய எடுக்கணும்னு தாளாளர் நிக்காரு. உடனே வந்து அவரப் பாரும்.”

சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது படபடவென்று மாடியில் சத்தம் கேட்டது. மழை. ஓடிப்போய் வாசலில் நின்றேன். அரைமணிநேரம் சோவென்று கொட்டியது. அத்தனை சிரட்டையும் பால் நிறைந்து நிற்கிற நேரம். எதிர்பார்த்தபடியே முத்துக்கனி அக்கா போனில் கூப்பிட்டார்.

“போச்சு சாரே. செரட்டையில தண்ணிதான் கெடக்கு.”

“அக்கா, மன்னிச்சிருங்க. என்னாலதான்...”

“நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கிய? நீங்க தெரியாதுன்னுதானே சொன்னிய? எனக்கும் தெரியல, ஒங்களுக்கும் தெரியல, மழ பெஞ்சிட்டு. மழைன்னா பெய்யத்தானே செய்யும்” என்றார். “நாளைக்கும் அனுப்புவியளா சாரே?”

“காலேஜ்ல இருந்தா அங்கருந்து, இல்லேன்னா எனக்க செல்லுலருந்து. அனுப்புதேன்க்கா” என்றேன்.

பிரிஜா குடையை எடுத்து நீட்டினாள். தாளாளரைப் பார்க்கக் கிளம்பினேன்.